வேண்டாத ஓசையும் அதன் மூலமும்



ஒரு விரியலாக்கியின் தரத்தை அது பாடும்போது அறிதல் அரிது. பாடாதிருக்கும்போது அறிதல் எளிது. கோயில் வீதியில் நாதசுரக் கச்சேரி நடைபெறுகின்றது. தவிலின் முழக்கம் ஓய்ந்து, அடுத்த இராகம் தொடங்குமுன் ஒரு கணம் மௌனம் நிலவுகின்றது. அந்த மௌனத்திலே ஒலிபெருக்கிக் குழலிலிருந்து 'ம்' என்றொரு முனகல் எழுமாயின், கேட்போர் முகம் சுளிக்கின்றனர். முழக்கத்தின்போதும் அந்த முனகல் இருந்தது. பேரோசையின் அடியில் மறைந்து கிடந்தது. மௌனம் வந்ததும் வெளிப்பட்டது.

அம்பிளிபயர் என மக்கள் வழங்கும் கருவியையே பாடநூல்கள் விரியலாக்கி என்கின்றன. திரான்சிற்றர் 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே தோன்றிய பின்னர், வால்வுகளால் அமைந்த விரியலாக்கிகள் படிப்படியாக அருகின. எனினும் அவற்றைத் தம் கையாலேயே கட்டி மகிழ்வோர் இன்றும் உளர். அதற்குத் தக்க காரணமும் உண்டு. வால்வுக் கருவியிலே உறுப்புகள் சில. ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரிவது. ஒன்றோடொன்று இணையும் கம்பியையும் கண்ணாற் பின்தொடரலாம். மின்னியலை விளங்கிக்கொள்ள விரும்பும் மாணவனுக்கு இதனிலும் நல்ல பள்ளி வாய்ப்பது அரிது.

இலங்கையின் ஒலிபரப்பே கையாற் கட்டிய கருவியிலேதான் தொடங்கியது. முதலாம் உலகப் போரிலே கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டு, தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பரும் அவருடைய துணைவர்களும் கொழும்பிலே பரிசோதனை ஒலிபரப்பை நடத்தினர். முறையான ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் ஆரம்பமாயிற்று. கையாற் கட்டியவர் எவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. கருவியைப் பாடச் செய்தல் பாதி வேலை. அதனை மௌனமாக இருக்கச் செய்தல் மற்றப் பாதி.

சுன்னாகத்திலோ சாவகச்சேரியிலோ வாழும் இளைஞர் ஒருவர் பழைய இசைத்தட்டுகளைக் கேட்பதற்கென ஒரு விரியலாக்கியைக் கட்டினார் எனக் கொள்வோம். முன்னிலையில் ஈசிசி 83 என்னும் வால்வு. இறுதி நிலையில் ஈஎல் 84 என்னும் வால்வு. இப்பெயர்களிலும் பொருள் உண்டு. ஐரோப்பிய வழக்கில் 'ஈ' என்னும் முதலெழுத்து, இழைக்கு 6.3 வோல்ட்டு வேண்டும் என்பதைக் குறிக்கும். 'சி' என்பது மூவாயி. இருமுறை வருவதால் ஒரே கண்ணாடிக் குழாயினுள் இரண்டு மூவாயிகள் உள. 'எல்' என்பது ஸ்பீக்கரை இயக்கவல்ல வலுமிக்க வால்வு. இளைஞர் ஆளியைப் போடுகின்றார். வால்வுகள் செந்நிறமாக ஒளிர்கின்றன. பாட்டு வருகின்றது, பாட்டோடு இரைச்சலும் வருகின்றது.

இவ்விடத்திலே பலரும் செய்வது யாது? வால்வை மாற்றுகின்றனர், குறை தீரவில்லை. கண்டென்சரை மாற்றுகின்றனர், தீரவில்லை. கம்பிகளைப் பிடுங்கி வேறு வழியிற் கொண்டுசெல்கின்றனர். பணமும் செலவாகி, பழைய குறையோடு புதிய குறையொன்றும் சேர்ந்துகொள்கின்றது. அனுபவமுள்ள வைத்தியர் நாடியைப் பாராமல் மருந்து கொடுப்பதில்லை. இங்கும் முதலில் அறியவேண்டியவை இரண்டு. ஓசையின் குணம் என்ன? அஃது எவ்விடத்திலே நுழைகின்றது? இவ்விரண்டையும் அறிந்தபின் மாற்றவேண்டிய உறுப்பு பெரும்பாலும் ஒன்றே ஒன்றாக இருக்கும்.

ஆராயப் புகுமுன் ஓர் எச்சரிக்கை. வால்வு விரியலாக்கியினுள் 250 முதல் 400 வோல்ட்டு வரையான நேர்மின்னழுத்தம் உண்டு. அஃது உயிரைக் கொல்ல வல்லது. ஆளியை நிறுத்தி, வீட்டு மின்னிணைப்பைக் கழற்றிய பின்னும், பாடநூல்கள் ஒடுக்கி என்று கூறும் பெரிய கண்டென்சர்கள் தம்முள் மின்னேற்றத்தைத் தேக்கி வைத்திருக்கும். சில ஆயிரம் ஓம் கொண்ட பருத்த தடையொன்றின் இரு முனைகளையும் நன்கு உறையிட்ட கம்பிகளால் இணைத்து, அதன் வழியே அவ்வேற்றத்தை வடித்துவிட வேண்டும். வடிந்துவிட்டதென நம்புதல் போதாது. மானியால் அளந்து அறிதல் வேண்டும். கருவி இயங்கும் நிலையில் அளக்க நேரின் ஒரு கையை முதுகின் பின்னே வைத்துக்கொள்வது பழையோர் கைக்கொண்ட நல்ல வழக்கம். ஒரு கையால் நுழைந்து மறு கையால் வெளியேறும் மின்னோட்டம் நெஞ்சின் ஊடாகவே செல்லும். தொழில் தெரிந்த ஒருவர் அருகில் இல்லாமல் மாணவர் இதில் இறங்குதல் தகாது.

இனி, சிறு ஓசை பேரோசையாவது எவ்வாறு என்பதைக் காண்போம். இசைத்தட்டின் ஊசிமுனையிலிருந்து காந்தவகைப் பிக்கப் தருவது ஏறத்தாழ 5 மில்லிவோல்ட்டு. 8 ஓம் ஸ்பீக்கரிலே 10 வாற்று வலுவுடன் ஒலிக்க 9 வோல்ட்டு வேண்டும். ஆகவே கருவி தன் வாயில் இட்டதை ஏறத்தாழ 1,800 மடங்காகப் பெருக்குகின்றது. அது பாட்டு எது, முனகல் எது எனப் பிரித்தறியாது. முதல் வால்வின் நெய்யரியிலே 1 மில்லிவோல்ட்டு முனகல் புகுந்தால், ஸ்பீக்கரிலே அது 1.8 வோல்ட்டாக ஒலிக்கும். அதே 1 மில்லிவோல்ட்டு இறுதி வால்விலே புகுந்தால் காதுக்கு எட்டவும் மாட்டாது. ஆதலின் ஓசை எங்கே நுழைகின்றது என்பதே முதல் வினாவாகும்.

அவ்விடத்தைக் காண எளிய வழி ஒன்றுண்டு. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகை முழுவதும் குறைத்துவிட வேண்டும். முனகல் மறைந்தால் அதன் மூலம் திருகுக்கு முன்னே உள்ளது. மறையாது அவ்வாறே நின்றால் திருகுக்குப் பின்னே உள்ளது. ஒரே சோதனையிலே கருவியின் பாதி குற்றமற்றதெனத் தள்ளுண்டு போகின்றது. பின்னர்க் கருவியை நிறுத்தி, ஏற்றத்தை வடித்து, முதல் வால்வை அதன் தாங்கியிலிருந்து கழற்றி, மீண்டும் ஆளியைப் போட்டுக் கேட்க வேண்டும். ஓசை நின்றுவிட்டால் அது அவ்வால்வின் வழியாகவே வந்தது. நில்லாவிட்டால் அதற்குப் பின்னுள்ள நிலையிலோ மின்வழங்கலிலோ பிறந்தது. இழைகள் யாவும் பக்கமாக இணைக்கப்பட்ட கருவிக்கே இச்சோதனை பொருந்தும். ஒவ்வொரு தடவையும் ஒரு மாற்றம் மட்டுமே செய்தல் வேண்டும். இரண்டு மாற்றங்களை ஒருங்கே செய்தவர், எதனால் குணமாயிற்று என்பதை அறியமாட்டார்.

அடுத்தது ஓசையின் குணம். இங்கே செவியே சிறந்த அளவுகோல். இலங்கையின் மின்சாரம் 230 வோல்ட்டு. செக்கனுக்கு 50 முழுச் சுற்றுகளாக அலைவது. அந்த 50 அதிர்வு நேரே ஒலியில் புகுந்தால் மிகத் தாழ்ந்த, மென்மையான முனகலாகக் கேட்கும். மாறாக, மின்வழங்கலிலே முழுவலைச் சீராக்கியின் பின்னர் எஞ்சும் அலை செக்கனுக்கு 100 முறை எழுவது. அது சற்று உரத்த 'ர்ர்' என்னும் இரைச்சலாகக் கேட்கும். 50க்கும் 100க்கும் உள்ள இடைவெளி சரியாக ஒரு ஸ்தாயி. 100 என்பது ஆர்மோனியத்திலே மந்தர ஸ்தாயியின் ஐந்து கட்டைச் சுரத்துக்கு மிக அண்மையில் உள்ளது. அச்சுரத்தின் அதிர்வு 98. ஆகவே சுருதிஞானம் உடையவர் எவரும் ஆர்மோனியமொன்றை அருகில் வைத்துக்கொண்டு இவ்விரு முனகல்களையும் வேறுபடுத்திவிடலாம். விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை.

100 அதிர்வாயின் மின்வழங்கலை நோக்க வேண்டும். அங்குள்ள மின்பகு கண்டென்சர்கள் வெப்பத்தாலும் வயதாலும் உள்ளே உலர்ந்து, தம் கொள்ளளவை இழந்துவிடும். ஐயத்துக்குரிய கண்டென்சரோடு, கருவி நிறுத்தப்பட்ட நிலையிலே, 450 வோல்ட்டைத் தாங்கவல்ல நல்லதொன்றை முனை மாறாது பக்கமாக இணைத்துப் பின் இயக்கிப் பார்க்கலாம். இரைச்சல் குறைந்தால் நோய் கண்டறியப்பட்டது.

50 அதிர்வாயின் ஐயம் முதலில் இழைக் கம்பிகளின் மேற் செல்லும். வால்வின் இழையைச் சூடாக்கும் கம்பிகளில் ஆடலோட்டம் பாய்கின்றது. அவற்றை ஒன்றோடொன்று இறுக முறுக்கி, அடித்தகட்டின் மூலையோடு ஒட்டிக் கொண்டுசெல்ல வேண்டும். முறுக்கிய கம்பிகளின் விளைவு ஒன்றையொன்று அழித்துவிடும். உறுதியாக அறிய விரும்புவோர், முதல் வால்வின் இழையை அதன் சுற்றிலிருந்து பிரித்து, 6 வோல்ட்டு பற்றரியால் சூடாக்கிப் பார்க்கலாம். முனகல் நின்றால் குற்றவாளி இழைக் கம்பியே. நில்லாவிட்டால் மின்னிலைமாற்றியின் காந்தப்புலம் அருகிலுள்ள ஒலி நிலைமாற்றியிலோ உள்ளீட்டுக் கம்பியிலோ பாய்கின்றதா என ஆராய வேண்டும். இரு நிலைமாற்றிகளையும் தூரப் பிரித்து, ஒன்றுக்கொன்று செங்கோணமாக நிறுத்துதல் அதற்குப் பரிகாரம்.

வழங்கலே முனகலின் மூலம் என்பதை யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் வாழ்க்கையிலேயே கண்டறியும் காலமொன்று வந்தது. 1990இல் போர் காரணமாகக் குடாநாட்டுக்கான மின்வழங்கல் அற்றுப்போயிற்று. அதன்பின் பல ஆண்டுகளாக மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தால் வானொலி கேட்டனர். டைனமோ தருவது ஆடலோட்டம். அதனைச் சீராக்கிக் கண்டென்சரால் வடிகட்டினாலன்றிச் செய்தியோடு முனகலும் சேரும். சில்லு விரைந்து சுழன்றால் அம்முனகலின் சுருதி ஏறும்; மெல்லச் சுழன்றால் இறங்கும். காரணத்தை மாற்றும்போது ஓசையும் உடன் மாறுமாயின், அக்காரணமே மூலம் என்பது தெளிவு. அறிவியலின் பெரிய விதியொன்று சைக்கிள் சில்லிலே விளங்கியது. குடாநாடு 2013இல் மீண்டும் தேசிய மின்வலையோடு இணைக்கப்பெற்றது. அவ்விதி இன்றும் பயன்படுகின்றது.

வேறு ஓசைகளும் உள. 'படபட' என வெடிப்பது தளர்ந்த பற்றாசினாலோ, அழுக்கேறிய வால்வுத் தாங்கியினாலோ, தேய்ந்த திருகினாலோ எழுவது. கடல் சூழ்ந்த குடாநாட்டிலே காற்றில் உப்பு உண்டு. உப்பேறிய தூசி மாரிகாலத்து ஈரத்தை உறிஞ்சி, மின் கசியும் வழியாக மாறிவிடும். வால்வு ஊசிகளையும் தாங்கிகளையும் சிறிது ஸ்பிரிட் தோய்ந்த துணியால் துடைத்து, முற்றாக உலரவிடுதலே பாதி மருந்து. தளர்ந்த இடத்தைக் காண உலர்ந்த மரக்குச்சியால் ஒவ்வோர் உறுப்பையும் மெல்லத் தட்டலாம். பென்சில் ஆகாது; அதனுள்ளே இருக்கும் கரி மின்னைக் கடத்தும். தட்டும்போது வால்வொன்று மணிபோல் ஒலித்தால், அதன் உள்ளுறுப்புகள் தளர்ந்து அதிர்கின்றன என்பது பொருள். அவ்வால்வை முதல் நிலையிலிருந்து அகற்றுதல் வேண்டும்.

'டுப், டுப்' எனத் தோட்டத்து இறைப்பு இயந்திரம்போல் ஒலிப்பது பிறிதொரு வகை. இறுதி நிலையின் அசைவு, பொதுவான மின்வழங்கலின் வழியாக முதல் நிலைக்குத் திரும்பிச் சென்று, மறுபடியும் பெருகி வருவதால் அது நிகழும். நிலைகளைப் பிரிக்கும் கண்டென்சர் உலர்ந்து போனமையே பெரும்பாலும் காரணம். முதன்முறை இயக்கும்போதே கருவி வீரிட்டு அலறுமாயின், பின்னூட்டக் கம்பி எதிர்த்திசையில் இணைக்கப்பட்டிருக்கலாம். ஒலி நிலைமாற்றியின் முனைகளை இடம் மாற்றினால் அலறல் அடங்கும். வானொலிப் பெட்டி எதுவும் இணைக்கப்படாத கருவியிலே, பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து நிலையமொன்று பேசுவதும் உண்டு. உள்ளீட்டுக் கம்பி ஏரியலாகிவிட்டது என்பதே அதன் பொருள். உறை போட்ட கம்பியும், முதல் வால்வின் நெய்யரி ஊசியோடு ஒட்டி வைத்த 10,000 ஓம் தடையும் அக்குரலை அடக்கும். இக்காலத்திலே கைத்தொலைபேசியும், அதன் சார்ஜரும், எல்இடி விளக்கும் இரைச்சலைத் தரவல்லன. கருவியைக் குறைகூறுமுன் அவற்றை ஒவ்வொன்றாக அணைத்துக் கேட்டல் நன்று.

இனி, யாவற்றிலும் கருத்தூன்றிக் கேட்கவேண்டிய பகுதி புவித்தொடுப்பைப் பற்றியது. கம்பி எதுவும் முற்றிலும் தடையற்றதன்று. நூறில் ஒரு பங்கு ஓம் தடையுள்ள கம்பியிலே அரை அம்பியர் ஓட்டம் துடித்துச் செல்லும்போது 5 மில்லிவோல்ட்டு தோன்றும். இசைத்தட்டிலிருந்து வரும் பாட்டின் அளவும் அதுவே! மின்வழங்கலின் துடிப்பும் உள்ளீட்டின் மெல்லோட்டமும் ஒரே கம்பியின் வழியாகத் திரும்பினால், பாட்டுக்கு இணையான இரைச்சல் தோன்றுவதில் வியப்பில்லை. ஆதலின் ஒவ்வொரு நிலையின் திரும்பு கம்பியையும் தனித்தனியே கொண்டுவந்து அடித்தகட்டிலே ஒரே புள்ளியில் இணைத்தல் நன்று.

இசைத்தட்டுக் கருவிக்கு ஒரு புவித்தொடுப்பு, விரியலாக்கிக்கு வேறொரு புவித்தொடுப்பு என இருக்கும்போது, இரண்டுக்கும் இடையே ஒரு வளையம் உண்டாகி முனகல் எழும். அப்போது சிலர் விரியலாக்கியின் மின்செருகியிலுள்ள புவிக்கம்பியை வெட்டிவிடுகின்றனர். முனகல் உடனே நின்றுவிடும். காவலும் அக்கணமே நீங்கிவிடும். பின்னொருநாள் நிலைமாற்றியின் உறை பழுதடைந்து 230 வோல்ட்டு அடித்தகட்டுக்கு வருமாயின், அதனைத் தொடுபவர் உடலே புவிக்கம்பியாகும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்கும் பிள்ளைக்கு அதனால் வரும் ஆபத்தைச் சொல்லவும் வேண்டுமா? குடாநாட்டின் பல பகுதிகளில் மேல்மண் ஆழமற்றது. அதன் கீழே சுண்ணாம்புப் பாறை. கோடையில் வறண்ட மண்ணும் பாறையும் மின்னை எளிதிற் கடத்தா. ஆகவே புவித்தொடுப்பு நன்றாக இருக்கின்றதா எனத் தகுதிபெற்ற மின்னாளர் ஒருவரைக் கொண்டு சோதிப்பிப்பதே கடன். அதனை அறுப்பது கடனன்று. வளையத்தை உடைக்க வேண்டுமாயின் ஒலிக்கம்பியின் உறையை ஒரு முனையில் மட்டும் இணைக்கலாம். அல்லது ஒலிப்பாதையிலே பிரிப்பு நிலைமாற்றியொன்றை வைக்கலாம். மின்செருகியின் புவிக்கம்பியிலே கை வைத்தலாகாது.

இத்தனையும் செய்தபின், ஸ்பீக்கரிலே காதை வைத்தால் 'ஸ்ஸ்' என மெல்லிய சீற்றம் கேட்கும். அதிலே ஒரு பகுதி மலிவான கரித் தடைகளால் வருவது. முதல் நிலையிலே உலோகப்படலத் தடைகளை இட்டால் அது குறையும். எஞ்சியது இயற்கைக்கு உரியது. வால்வினுள் மின்னோட்டம் தனித்தனி இலத்திரன்களின் மழையாகப் பெய்வதால் ஓசை பிறக்கும் என்பதை 1918இல் ஜெர்மனியின் ஷொட்கி விளக்கினார். தடையினுள்ளே வெப்பத்தால் இலத்திரன்கள் ஓயாது அலைவதால் ஓசை பிறக்கும் என்பதை 1928இல் பெல் ஆய்வுகூடத்து ஜோன்சனும் நைகுவிஸ்டும் நிறுவினர். 1 இலட்சம் ஓம் தடையிலே, செவிக்கு எட்டும் அதிர்வெண்களில், அது ஏறத்தாழ 6 மைக்குரோவோல்ட்டு. பிக்கப் தரும் பாட்டின் அளவிலே ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. இதனை முற்றாக அகற்ற முயல்வது கடலலையை நிறுத்த முயல்வது போலாகும். எங்கே நிறுத்தவேண்டும் என்பதை அறிதலும் இக்கலையின் ஒரு பகுதி.

சீற்றமென்று தள்ளத்தக்கது எது, ஆராயத்தக்கது எது என்பதைப் பிரித்தறிந்த ஒருவரால் வானவியலே விரிந்தது. பெல் ஆய்வுகூடத்துக் கார்ல் ஜான்ஸ்கி, அத்திலாந்திக் கடலுக்கு அப்பால் வானொலி வழியாகப் பேசுவோரைத் தொந்தரவு செய்யும் இரைச்சலின் மூலத்தைக் கண்டறியப் பணிக்கப்பட்டவர். சுழலும் ஏரியலொன்றை அமைத்து, கேட்ட ஓசைகளை மூன்றாக வகுத்தார். அண்மையில் இடியால் எழுவது ஒன்று. தொலைவிடியால் எழுவது மற்றொன்று. மூன்றாவது இடையறாத மெல்லிய சீற்றம். அது தம் கருவியின் குறையென்று அவர் ஒதுக்கிவிடவில்லை. பல மாதம் கவனித்தபோது, அச்சீற்றம் நாள்தோறும் ஏறத்தாழ நான்கு நிமிடம் முந்தி உச்சமடைவதைக் கண்டார். நட்சத்திரங்கள் நாள்தோறும் நான்கு நிமிடம் முந்தி உதிக்கும் என்பது பஞ்சாங்கம் அறிந்தோர் அறிந்ததே. ஆகவே ஓசையின் மூலம் ஞாயிறுமன்று, பூமியுமன்று. தனு இராசியின் திசையிலே, பால்வீதியின் நடுவிலே உள்ளது என 1933இல் அறிவித்தார். வானொலி வானவியல் அன்று பிறந்தது.

வீட்டிலே விரியலாக்கி கட்டும் இளைஞர் கையாளும் முறையும் ஜான்ஸ்கி கையாண்ட முறையும் வேறல்ல. ஓசையை வகுத்தல், இடத்தை நாடல், ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்தல், கண்டதைக் குறித்துவைத்தல் என அது நான்கு படிகளில் அடங்கும். மௌனத்தை அடைய இதுவே வழி. புவிக்கம்பியை அறுத்துப் பெறும் மௌனம் உயிரை விலையாகக் கேட்கும். மூலத்தைக் கண்டு பெறும் மௌனமே நிலைத்து நிற்கும்.